அடுத்த டிசம்பர்

என் தம்பி லுவாசி பதினெட்டு வயதில் ஆணாகியிருக்க வேண்டியவன். இருபத்திரண்டு முடிந்த பிறகுதான் ஆனான். இடையிலிருந்த டிசம்பர்களையெல்லாம் ரக்பி விழுங்கிவிட்டது.

எங்கள் கோசா ஜனங்களிடம் மீசை முளைப்பதாலோ சம்பாதிப்பதாலோ ஒருவன் ஆணாகிவிடுவதில்லை. காட்டுக்குப் போக வேண்டும். அங்கே கத்திக்காரரிடம் நுனித்தோல் அறுபட வேண்டும், புல்குடிசையில் இருந்து காயம் ஆற வேண்டும், முகத்தில் செம்மண் பூசிக்கொண்டு புதுக்கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வர வேண்டும். நடுவில் என்ன நடக்கிறது என்பது போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பெண். எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். வெளியே நடப்பது மட்டும் தெரியும். போகாதவன் தலை நரைத்தாலும் பொடியன். ஆண்கள் பேசும் இடத்தில் அவன் வாய் திறக்க முடியாது, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. அவனைவிடச் சின்னவன் போய் வந்துவிட்டால், இவன்தான் அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும்.

காட்டுக்குப் போக வருஷத்தில் இரண்டே பருவம். ஜூன், டிசம்பர். ஜூனில் ரக்பி ஆட்டங்கள் உச்சத்தில் இருக்கும். டிசம்பரில் அடுத்த வருஷத்துக்கான கடும் பயிற்சி தொடங்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன் லுவாசி.

அப்பா ஒரு காலத்தில் எங்கள் நியூ பிரைட்டன் தெருக்களின் கிளப்பான ரைசிங் சன்னுக்கு முன்வரிசையில் ஆடியவர். கார்த் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்தால் மட்டும்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடும். லுவாசி அவரைப் போல் பெருத்த உடம்பு இல்லை. ஒல்லி, குள்ளம், வாய் மட்டும் நீளம். அதற்கேற்ற இடம் ரக்பியில் ஒன்று இருக்கிறது, ஸ்க்ரம்-ஹாஃப். எட்டுத் தடியர்கள் தலையைக் குனிந்து தோளோடு தோள் கோத்து எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளும்போது அவர்களுக்கு எதுவும் தெரியாது. பின்னால் நிற்கும் இந்தக் குள்ளன்தான் அவர்களுக்குக் கண். இடது, வலது, இப்போ, பொறு என்று கத்திக்கொண்டே இருப்பான். காலடியில் பந்து வந்ததும் எடுத்து வீசுவான். எட்டு எருமைகளை மேய்க்கிற வேலை என்பார் அப்பா. லுவாசி அதை ஆறு வயதிலேயே செய்தான். புழுதித் தரையில், தன்னைவிடப் பெரிய பையன்களை அதட்டிக்கொண்டு.

பதின்மூன்று வயதில் அவனைப் புல்தரை மைதானங்கள் உள்ள ஒரு பெரிய விடுதிப் பள்ளி வந்து கூட்டிக்கொண்டு போனது. எங்கள் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அவன் பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். அவன் பள்ளி முடிப்பதைப் பார்க்க அவள் இல்லை.

பள்ளி முடித்த டிசம்பரில் எல்லாம் தயாராக இருந்தது. பின்கட்டில் ஆடு கட்டியிருந்தது. பீர் காய்ச்ச நான் சோளம் ஊற வைத்திருந்தேன். தெருவில் அவன் வயதுப் பையன்கள் ஐந்து பேர், அவனுடைய கூட்டாளி ஃபிக்கிலே உட்பட, அந்த வாரம் கிளம்புகிறார்கள். அப்போதுதான் வடக்கே ஒரு தூர நகரத்திலிருந்து ஓர் அணி கூப்பிட்டது. தொழில்முறை அணி, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். இளைஞர் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்றார்கள்.

அப்பா ஆட்டைப் பார்த்தபடி வேலியோரம் நெடுநேரம் நின்றார். உள்ளே வந்து, அடுத்த டிசம்பர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அவன் வயசுப் பசங்க எல்லாம் போறாங்களேப்பா" என்றேன்.

"அவங்கள யாரும் போன் போட்டுக் கூப்பிடலையே" என்றார் அப்பா.

லுவாசி மறுத்தான் என்று சொல்லமாட்டேன். அவன் துள்ளிக் குதித்தான். பதினெட்டு வயதில் அடுத்த டிசம்பர் பக்கத்துத் தெருவில் இருப்பது போலத்தான் தெரியும். ஆட்டைக் கிறிஸ்துமஸுக்கு அடித்துச் சாப்பிட்டோம்.

அடுத்த டிசம்பரில் அவனைப் பெரிய அணியின் பயிற்சிக்கு எடுத்தார்கள். அதை விட்டுவிட்டு எப்படி வருவது? அது கழிந்து வந்த வருஷம்தான் முதல் ஆட்டம் ஆடினான். ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது இறக்கினார்கள். எங்கள் வீட்டில் நிற்க இடமில்லாமல் தெருவே வந்து டிவி பார்த்தது. அவன் குனிந்து பந்தை எடுத்து, எதிராளிகள் இரண்டு பேர் இவன் வீசுவான் என்று நம்பிச் சாய்ந்த நொடியில் தானே நடுவில் புகுந்து ஓடினான். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அம்மா செத்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் மட்டும் போகும்போது, பொடியன் நன்றாக ஆடினான் ஜோலா என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோலா எங்கள் குலப்பெயர். ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் பொடியன் என்ற சொல்லை வைத்தது வேண்டுமென்றேதான். அப்பா கேட்காத மாதிரி கதவைச் சாத்தினார்.

மூன்றாவது டிசம்பரில் கணுக்காலில் அடிபட்டு அணியின் வைத்தியரிடம் கிடந்தான். நான்காவது டிசம்பரில் வழக்கமாக ஆடும் ஸ்க்ரம்-ஹாஃப் வெளிநாட்டுக்குப் போய்விட, அந்த இடம் யாருக்கு என்பது பயிற்சியில்தான் முடிவாகும் என்றார்கள். முடிவானது. அடுத்த வருஷம் பாதி ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே ஆடியவன் அவன்தான்.

அந்த வருஷம், ஜூலையில், நடுவில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்து வீட்டுக்கு வந்திருந்தான். அன்று ஃபிக்கிலேயின் தம்பி காட்டிலிருந்து திரும்பிய விருந்து. லுவாசி அணியின் சின்னம் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வாசலிலேயே சின்னப் பையன்கள் மொய்த்துக்கொண்டார்கள். பெண்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பீர்ப்பானை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அறுத்த மாட்டின் இறைச்சி வெந்ததும் ஆண்கள் முள்வேலி போட்ட பட்டிக்குள் போய் உட்கார்ந்தார்கள். லுவாசியும் ஏதோ நினைவில் வேலி ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஃபிக்கிலே எழுந்து வந்தான். ஃபிக்கிலே ரைசிங் சன்னுக்கு முன்வரிசையில் ஆடுகிறவன், நல்லவன்.

"இங்க உக்காராத. பசங்க பக்கம் போ."

லுவாசி சிரித்தான், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து.

"போன சனிக்கிழமை டிவி முன்னால உன் பேரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினது நாந்தான்" என்றான் ஃபிக்கிலே. "அது வேற, இது வேற. பெரியவங்க பார்க்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போடா பொடியா."

பையன்கள் வேலிக்கு வெளியே ஓர் அலுமினியச் சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குக் குடலும் நுரையீரலும்தான் பங்கு. லுவாசி போய் அவர்கள் நடுவில் குந்தினான். அவர்களுக்கு ஏகக் குஷி, டிவியில் வருகிறவன் தங்களோடு சாப்பிடுகிறான் என்று. அவன் பந்து வீசக் கற்றுக் கொடுத்த பையன்தான் அன்று புதுப்போர்வைக்குள் தலைகுனிந்து ஆண்கள் நடுவே இருந்தான். பட்டிக்குள் அப்பா கத்தியால் இறைச்சியைச் சின்னச் சின்னதாக அரிந்துகொண்டிருந்தார். அவ்வளவு சின்னதாக அரிய அவருக்குப் பல் ஒன்றும் போய்விடவில்லை. கடைசி வரை அவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து லுவாசி அந்தக் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தான். இந்த டிசம்பர் போகிறேன் அக்கா என்றான். நான் சரி என்றேன். அப்பா உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போன இடத்தில் இன்னொன்று காத்திருந்தது. மாற்று ஆட்டக்காரர்களை அதிகம் வைத்து ஒரு பயிற்சி ஆட்டம். அதற்கு லுவாசியைத் தலைவனாகப் போடலாம் என்று பயிற்சியாளர் நோடே நினைத்திருக்கிறார். நோடே தோளில் கை போட்டுப் பேசுகிற மனிதர், எல்லோருடைய வீட்டு நலனையும் விசாரிப்பார். அந்த அணியில் எங்கள் கோசா ஆள் இன்னொருவர் இருந்தார், கோபானி. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், முன்வரிசையில் மலை மாதிரி நிற்பவர், முப்பதை நெருங்கியவர். அவர் நோடேயிடம் போய், அவன் தலைவன் என்றால் தான் ஆடவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று நோடே கேட்க, அவன் இன்னும் பொடியன் என்று காரணத்தையும் சொல்லிவிட்டார்.

நோடேக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் முன்னால் அதை ஒரு கதையாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றுதான் லுவாசி என்னிடம் சொன்னான். மேஜை முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து அவர்கள் அவனை 'பாய்' என்று, அதாவது ஆங்கிலத்தில் பொடியன் என்று, கூப்பிட ஆரம்பித்தார்கள். பாய், பந்தைப் போடு. பாய், தண்ணி எடு. அவன் வயதுக்காரர்கள், அவனோடு கட்டிப் புரண்டு ஆடுகிறவர்கள், செல்லப்பெயர் மாதிரி. எங்கள் அப்பாவைத் தொழிற்சாலையில் தலை நரைக்கும் வரை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள், அவருக்கு மகன் வயதுள்ள வெள்ளைக்கார மேஸ்திரிகள். காட்டுக்குப் போய் வந்த மனிதரை. இவனையோ இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். ஊரில் அது உண்மை, அங்கே அது ஜோக். பதில் சொல்ல அவனுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

கோபானியைத் தனியே பார்த்துக் கேட்டிருக்கிறான்.

"மைதானத்துல நீ இடதுன்னா நான் இடது. அது வேலை" என்றார் கோபானி. "தலைவன்னா ரூம்ல என்னை உக்கார வெச்சு நீ பேசணும். அத நான் கேட்டுட்டு ஊருக்குப் போய் எப்படி மூஞ்சி காட்டுவேன்?"

"அது சரி. அத ஏன் அவர்கிட்ட சொன்னீங்க? நம்ம விஷயத்தத் தூக்கி அவங்க வாயில போட்டுட்டீங்களே."

அவர் கேட்டார் சொன்னேன் என்றார் கோபானி. அவ்வளவுதான்.

நவம்பரில் லுவாசி நோடேயிடம் விடுப்பு கேட்டான். நோடே எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பண்பாடு முக்கியம், தாராளமாகப் போய் வா, கிறிஸ்துமஸ் கழித்து வந்தால் போதும் என்றார். மறுநாளே அணியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து அவனிடம் பேசினாள். போகும்போது ஒரு படம், திரும்பும்போது ஒரு படம், முடிந்தால் குடிசைக்கு முன்னால் ஒன்று. ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். அதையெல்லாம் காட்டக்கூடாது என்று லுவாசி பணிவாகச் சொன்னான். முகம் மட்டுமாவது என்றாள். முகத்தைத்தான் காட்டவே கூடாது என்றான். அவள் அதை நோடேயிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நோடே தோளில் கை போடுவது குறைந்தது.

டிசம்பரில் ஒரு விடிகாலை, ஆண்கள் பாடிக்கொண்டு அவனைக் கூட்டிப் போனார்கள். கூடப் போன மற்ற நான்கு பேருக்கும் பதினெட்டு வயதுதான். நடுவில் இவன் அவர்களுடைய சித்தப்பா மாதிரி இருந்தான். நான் சன்னலோரம் நின்று சத்தம் தேய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற நான்கு பேரும் கிறிஸ்துமஸ் கழிந்த வாரமே திரும்பிவிட்டார்கள். லுவாசி வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. ஃபிக்கிலேதான் வாசலில் நின்று, உயிருக்கு ஒன்றுமில்லை அக்கா, சின்ன வயசு உடம்பு சீக்கிரம் ஆறும், இது கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான் என்றான். அதற்கு மேல் ஒரு பெண்ணிடம் அவன் சொல்லக்கூடாது. சொன்னதே அதிகம்.

ஜனவரி பாதி போன பிறகு வந்தான். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, புதுக்கோட்டு தோளில் தொங்க. பட்டிக்குள் ஆண்கள் அவனை நடுவில் உட்கார வைத்து வரிசையாகப் புத்தி சொன்னார்கள். ஃபிக்கிலே தன் கையால் நல்ல கறித்துண்டை எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து நான் அவனை வாடா போடா என்று கூப்பிடுவதில்லை. இங்கே அவன் என்று சொல்வது கதைக்காகத்தான்.

மூன்று நாள்கூட இருக்காமல் வடக்கே கிளம்பினான். புதிதாக ஆணானவன் மாதக்கணக்கில் அந்தக் கோட்டையும் தொப்பியையும் கழற்றக்கூடாது, ஓடியாடித் திரியக்கூடாது. இவன் ஓடத்தான் போகிறான். பயிற்சி உடையில் நிற்கிற கூட்டத்துக்குள் கோட்டும் தொப்பியுமாக அவன் நுழைந்தபோது, மிஸ்டர் வந்துவிட்டார் என்று யாரோ குரல் கொடுத்தார்களாம். கோபானி மட்டும் எழுந்து நின்றார். வந்து கையைப் பிடித்து, ஜோலா, வாங்க என்றார். அந்த அறையில் தான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று லுவாசி பின்னால் என்னிடம் சொன்னான்.

பிறகு எடை பார்த்தார்கள், ஓட விட்டார்கள். இரண்டிலும் தோற்றான். அவன் இல்லாத வாரங்களில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வெளுத்த முடி, முயல் மாதிரி கால். லுவாசி சொன்ன தேதிக்கு வரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்றார் நோடே. நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று இவன் கேட்டபோது அவர் கோபப்படவில்லை.

"போறதுக்குத்தான் அனுமதி கொடுத்தேன். இடத்தப் பூட்டி வெக்கறேன்னு சொல்லலையே."

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உடம்பு திரும்பி வந்தது, வேகம் முழுசாக வரவில்லை. இதற்கிடையில் கோபானியைத் தலைவராக்கினார்கள். மே மாதம், இரண்டு ஸ்க்ரம்-ஹாஃப்களில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தபோது, நோடே தலைவரைக் கூப்பிட்டு உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கோபானி தானாகவே லுவாசியின் அறைக்கு வந்தார்.

"உங்ககிட்ட மறைக்கக்கூடாது ஜோலா. பொடியன்னா சொல்லாமப் போயிருப்பேன், நீங்க இப்போ ஒரு ஆம்பளை. கேட்டாங்க. அந்தப் பையன வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்."

லுவாசி, அவன் என்னைவிட வேகமா என்று கேட்டான்.

"ஆமா."

"போன வருஷத்து நான்?"

"போன வருஷத்து நீங்கன்னா, அவன் பக்கத்துலகூட வர முடியாது" என்றார் கோபானி. கை கொடுத்தார். லுவாசி வாங்கிக்கொண்டான். ஆண் என்றால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லுவாசி வீட்டுக்குத் திரும்பிய முதல் சில வாரங்கள் அப்பா விருந்தாளிகளிடம், கணுக்கால் பழைய வலி, ஓய்வில் இருக்கிறான், வேறு இரண்டு அணிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவந்தார். எந்த அணியும் கேட்கவில்லை. லுவாசியே போன் செய்து பார்த்தான், ஏஜெண்ட் ஒருவன் மூலம் ஆட்ட வீடியோக்களை அனுப்பினான். டிசம்பர் பயிற்சிக்கு ஏன் போகவில்லை என்று ஓரிடத்தில் கேட்டார்களாம். விளக்கினானாம். சரி, சொல்கிறோம் என்றார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோளமும் பயறும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் வந்து, லுவாசி ஏன் ஆடப் போகவில்லை என்று கேட்க, அப்பா அதே கணுக்காலைச் சொல்ல, அவர் போன பிறகு நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், ஏன்ப்பா பொய் சொல்கிறீர்கள், அவன் முன்னாலேயே என்று. அப்பா என்னைப் பார்க்கவில்லை. லுவாசியைப் பார்த்துத்தான் பேசினார்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம் நீ. நாலு தள்ளினவன் அஞ்சாவதையும் தள்ளியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

முதல் டிசம்பரைத் தள்ளியது யார் என்று கேட்கப் போனேன். லுவாசி கை காட்டி என்னை நிறுத்தினான்.

"ஃபிக்கிலே வீட்டு விருந்துல நான் எங்க உக்காந்து சாப்பிட்டேன்னு நீங்க பார்க்கலையாப்பா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா இப்படிச் சொல்றீங்க?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "அடுத்த சனிக்கிழமை டிவியிலயும் பார்த்தேன்" என்றார். "அது போதும்னு இருந்துச்சு எனக்கு. என் பையன் எங்க உக்காந்து தின்னா என்ன? அத்தன ஜனம் எந்திரிச்சு நிக்குது அவனுக்காக."

லுவாசி சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சாப்பிட்டு முடித்து, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியே போனான். காட்டில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும், தகப்பனை எதிர்த்துப் பேசாமல் எழுந்து போவது. எனக்கு அன்று அந்தக் காட்டின் மேலும் கோபம் வந்தது.

இப்போது அவன் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை பார்க்கிறான். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறான். ஃபிக்கிலேதான் சேர்த்துவிட்டான். அந்தக் குளிர்காலத்தில், எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குளிர், சனிக்கிழமைகளில் ரைசிங் சன்னுக்கும் ஆடினான். புழுதித் தரை, நாலு வரிசை ஜனம், எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆட்டிறைச்சி சுடுகிற புகை. ஃபிக்கிலேயும் மற்ற தடியர்களும் குனிந்து தோள் கோத்ததும் பின்னாலிருந்து இவன் குரல் கேட்கும். இடது. பொறு. இப்போ. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சொன்ன பக்கம் தள்ளினார்கள். வடக்கே இருபதாயிரம் பேருக்கு முன்னால் ஆடியவன் அங்கே எங்களுக்காகவே ஆடினான். நான் எல்லா ஆட்டத்துக்கும் போனேன். இவன் முதல் ஆட்டத்தைப் பார்க்க ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வடக்கே போயிருக்கலாமே என்று அங்கலாய்த்த அப்பா, மூன்று தெரு தள்ளியிருந்த மைதானத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை.

ஆகஸ்டில் ஓர் ஆட்டம் முடிந்து வரும்போது லுவாசி சொன்னான்.

"கோபானி சொன்னது பொய்யில்லக்கா. பந்து எங்க வரும்னு மூளைக்குத் தெரியுது, கால் போய்ச் சேர மாட்டேங்குது."

"ஜெயிச்சுட்டுதானே வரோம்" என்றேன்.

"இங்க ஜெயிச்சோம்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் போகவில்லை. ஃபிக்கிலே வந்து வாசலில் நின்றான். ஜோலா, ஆள் குறையுது, வாங்க என்று கூப்பிட்டான், எல்லா மரியாதையோடும். கிடங்கில் சனிக்கிழமை வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்றான் லுவாசி. அதற்குப் பிறகு ஃபிக்கிலே வந்து கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை மதியங்களில் வீட்டில் அப்பாவும் நானும்தான். வடக்கத்தி அணி ஆடினால் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். கோபானி பேர் கேட்கும், வெளுத்த முடிக்காரன் பேர் கேட்கும். நான் அடுப்படியிலிருந்து வந்து குறைத்துவிட்டுப் போவேன். அவர் கூட்டுவார். நான் மறுபடி வந்து குறைப்பேன்.